காசில்லாப் போக்கர் போட்டியில் சிப்பின் விலை

பணம் கட்டி ஆடும் இணையப் போக்கருக்கு நம் நாட்டில் இப்போது இடமில்லை. தமிழ்நாடு அரசின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டங்களாகப் பட்டியலிட்டதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரத்து செய்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்விக்கே போகாமல், காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்துவிட்டது. கடலுக்குப் போய்வந்த ஒரு நடையின் பங்குக் காசு முழுவதும் கரை சேர்ந்த இரவே மூன்று சீட்டில் கரைந்துபோகும் மண்டபம் என்ற மீனவ ஊர்ப் பக்கத்தில் வாழ்கிறவன் என்பதால், அந்தத் தடையில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. நான் ஆடுவது நுழைவுக் கட்டணமோ பணப் பரிசோ இல்லாத, இலவச சிப்புப் போட்டிகளை மட்டுமே (சிப்பு என்பது பந்தயம் வைக்கும் வில்லை). மாலைப் போட்டியில் கடைசி வரை நிற்கும் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்றில் இடம் கிடைக்கும்; அதுவே பரிசு.

இத்தகைய போட்டியின் முதல் அரை மணி நேரத்தில் பெரிய தந்திரம் எதற்கும் வேலையில்லை. சிப்பு இலவசம் என்பதால் எதிராளி எந்தச் சீட்டை வைத்துக்கொண்டும் கால் செய்வார், அதாவது நாம் போட்ட அளவு தானும் போட்டுத் தொடர்வார். அவரை மிரட்டி மடக்க (சீட்டைக் கைவிட) வைக்க முயல்வது வீண். நல்ல சீட்டு வரும்வரை பொறுத்திருந்து, வந்ததும் தாராளமாக ரெய்ஸ் செய்வதே, அதாவது பந்தயத்தைக் கூட்டுவதே போதும். நல்ல சீட்டு என்பது அடிக்கடி வருவதுமில்லை: கைக்கு வரும் இரண்டு சீட்டும் ஏஸாக விழுவது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான்.

இந்தக் கட்டத்தில் பழகிக்கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கையிலுள்ள இரண்டிலும் மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்த மூன்றிலுமாக நான்கு ஹார்ட்டின் சேர்ந்திருக்கிறது, ஒரே இனத்தில் ஐந்து சேரும் ‘கலர்’ அமைய, இன்னும் திறக்கவிருக்கும் இரண்டு சீட்டில் ஐந்தாவதுக்காகக் காத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் குவிந்த பந்தயத் தொகையில் (pot) 200 சிப்பு இருக்கும்போது எதிராளி இன்னும் 200 போடுகிறார். நாமும் 200 போட்டால் மொத்தம் 600 ஆகும். அதில் நம் பங்கு மூன்றில் ஒன்று என்பதால், மூன்றில் ஒருமுறையாவது வெல்லக்கூடிய நிலை இருந்தால்தான் அந்தக் கால் கட்டுப்படியாகும். நம் கண்ணுக்குத் தெரியாத 47 சீட்டில் ஹார்ட்டின் 9 மட்டுமே மீதி. அடுத்த சீட்டிலேயே அது விழும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆல்-இன் ஆகி (இருக்கும் சிப்பு முழுவதையும் வைத்து) இரண்டு சீட்டையும் பார்க்கப்போகிறோம் என்றால் வாய்ப்பு 35 சதவீதமாக உயர்ந்து, மயிரிழையில் கட்டுப்படியாகிறது. ‘கலர் வரும்போலத் தோன்றுகிறது’ என்று சொல்லிக் கால் செய்பவர்களின் சிப்பில்தான் இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் பிழைக்கிறார்கள்.

ஆனால் இலவசப் போட்டியில் முன்னேற்றம் என்று நான் கருதுவது இதையல்ல. முடிவுக்கட்டம் நெருங்கும்போது, இழக்கும் சிப்பின் விலை ஈட்டும் சிப்பின் விலையைவிட அதிகம் என்பதை உணர்வதையே. விசைப்படகில் வேலை பார்க்கும் என் மைத்துனர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும்போது என் பக்கத்தில் அமர்ந்து இதே போட்டிகளை ஆடுவார். ஒருமுறை மூவர் மீதி, இறுதிச் சுற்றுக்கு இரண்டு இடம், மூவரிடமும் ஏறத்தாழ சம அளவு சிப்பு என்ற நிலையில், எதிராளி ஆல்-இன் போட, நான் ஏஸும் ராஜாவும் வைத்திருந்தும் மடக்கினேன்.

“என்ன மச்சான், ஏஸ் ராஜாவைப் போய் மடக்குறீங்க?” என்றார்.

“மடக்கினா என் இடம் மூணுல ரெண்டு பங்கு உறுதி மாப்ள. கால் பண்ணித் தோத்தா ஒண்ணுமே இல்லையே” என்றேன்.

கணக்கு அவ்வளவுதான். சமமான மூவருக்கு இரண்டு இடம் என்றால் ஒவ்வொருவருக்கும் 67 சதவீத வாய்ப்பு இருக்கிறது. கால் செய்து வென்றால் அது 100 ஆகும், தோற்றால் பூஜ்யம். ஆகவே அந்தக் கால் சரியாக இருக்க, மூன்றில் இரண்டு முறைக்கு மேல் நாம் வென்றாக வேண்டும். ஏஸும் ராஜாவும் ஒரு சின்ன ஜோடிக்கு எதிரே பாதிக்குச் சற்றுக் குறைவாகவே வெல்லும். எந்தச் சீட்டை வேண்டுமானாலும் வைத்திருக்கும் எதிராளியைக்கூட 65 சதவீத அளவில்தான் வெல்லும். இரண்டு ஏஸ் இருந்தால் 85 சதவீதம். அப்போது தயங்க வேண்டியதில்லை. மைத்துனர் ஒப்புக்கொள்ளவில்லை. ஏஸ் ராஜாவை மடக்குவது கோழைத்தனம் என்பது இன்றும் அவருடைய கட்சி.

அவர் சொல்வதிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. கால் செய்வதற்குத்தான் இந்த அச்சம் பொருந்துமே தவிர, முதலில் ஆல்-இன் போடுவதற்கு அந்த அளவு பொருந்தாது. ஏனெனில் போடுகிறவருக்கு, எதிராளிகள் மடக்கிவிடும் வாய்ப்பும் சேர்ந்து கிடைக்கிறது. பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் சின்ன, பெரிய தொகைகள்) 300, 600 என்று ஓடும்போது நம்மிடம் 6,000 சிப்பு இருந்தால், பட்டன் எனும் சீட்டுப் பகிர்பவர் இடத்திலிருந்து ஆல்-இன் போட்டு, பிளைண்ட் போட்ட இருவரும் மடக்கினால் சீட்டையே காட்டாமல் 900 சிப்பு வந்துவிடும். இருப்பில் 15 சதவீதம் கூடுகிறது. பெரிய பிளைண்டின் பத்து மடங்குக்குக் கீழே இருப்பு இறங்கியபின் சின்ன ரெய்ஸுக்குப் பெரும்பாலும் பொருளில்லை. ஆல்-இன் அல்லது மடக்கல் என்ற இரண்டே வழிகளைப் பயில்வது போதும். பதுங்கிப் பதுங்கி இருப்பைப் பிளைண்டுக்கே தின்னக் கொடுக்கிறவர்கள், அவசரக்காரர்களைவிடச் சற்றுத் தாமதமாக வெளியேறுகிறார்கள், அவ்வளவே.

ஆடி முடித்தபின் முக்கியமான சில கைகளை, அதாவது ஆட்டங்களைக் குறித்துவைக்கிறேன்: பிளைண்ட் எவ்வளவு, யாரிடம் எவ்வளவு சிப்பு, நான் எந்த இடத்தில் அமர்ந்திருந்தேன், ஏன் அப்படி ஆடினேன். யார் வென்றார் என்பதை வேண்டுமென்றே எழுதுவதில்லை. இரண்டு ஏஸ், இரண்டு ராஜாவிடம் ஏறத்தாழ ஐந்தில் ஒருமுறை தோற்கத்தான் செய்யும். அந்தத் தோல்வியைப் பார்த்து ஆட்டத்தை மாற்றினால் சரியாக இருந்ததும் கெட்டுவிடும். வாடைக்காற்று மழையில் மின்சாரம் போய், சிக்னல் அறுந்து, சிப்பு தானாகவே பிளைண்டில் கரைந்த கைகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இப்போது பார்த்துக்கொண்டிருப்பது, பெரிய பிளைண்டில் அமர்ந்திருக்கும்போது சின்ன ரெய்ஸுக்கு எதிரே எந்தச் சீட்டுகளை மடக்காமல் தொடர்வது என்பது. அதில் என் குறிப்புகள் இன்னும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.