முதுகுவலிக்கு எடுத்த தவறான ஸ்கேனும் எல்லை தாண்டிய அலைச்சலும்

தம்பியின் முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று, காசும் கட்டியாயிற்று. பார்க்க வேண்டிய மூட்டு மட்டும் அந்தப் படத்தில் இல்லை. எங்கள் அலைச்சலில் பாதி இந்த ஒரு காரணத்தால் வந்தது. கேரள எல்லையை ஒட்டிய எங்கள் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் சின்ன வயதிலேயே நாள்பட்ட முதுகுவலியோடு இருப்பவர்கள், ஸ்கேனுக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தம்பிக்கு ஊர்ப்பக்கத்துக் கிளினிக் ஒன்றில் எழுதித் தந்த சீட்டில் 'எல்.எஸ். ஸ்பைன்', அதாவது கீழ்முதுகெலும்பு, என்று மட்டும் இருந்தது. எல்4, எல்5 என்ற இரண்டு எலும்புகளின் நடுவே டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக ரிப்போர்ட் வந்தது. அதோடு தீர்ப்பும் எழுதியாகிவிட்டது: ஜவ்வு விலகல், பெல்ட் போடு, பாரம் தூக்காதே, படுத்து ஓய்வெடு. ஓய்வெடுக்க எடுக்க வலி கூடியது. போய்ச் சொன்னால், "ஒழுங்கா ரெஸ்ட் எடுத்திருக்க மாட்டான்" என்றார்கள்.

திருவனந்தபுரத்தில் ரூமட்டாலஜி (மூட்டு வாத நோய்) ஓ.பி.யில் டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இதில் எஸ்.ஐ. ஜாயின்ட் எங்கே?"

முதுகெலும்பின் அடிக்கட்டை இரண்டு பக்கமும் இடுப்பெலும்போடு சேரும் மூட்டுதான் எஸ்.ஐ. ஜாயின்ட். இடுப்பின் பின்பக்கம் சிலருக்கு இரண்டு குழி தெரியுமே, ஏறக்குறைய அந்த இடம். முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி வந்து நாளடைவில் இறுகிப்போகக்கூடிய அங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் போன்ற அழற்சி வாதம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். எல்.எஸ். ஸ்பைன் ஸ்கேனில் நெடுக்குவெட்டுப் படங்கள் முதுகெலும்பின் நடுவில் குறுகலான பகுதியை மட்டும் பிடிக்கும். குறுக்குவெட்டுகள் டிஸ்க்குகளுக்கு நேராக எடுக்கப்படும். எஸ்.ஐ. மூட்டு ஓரத்தில் கொஞ்சம் தட்டுப்படலாம், பல நேரம் அதுவும் இல்லை.

அப்படியானால் அந்த டிஸ்க் பிதுக்கம்? அதுவும் உண்மைதான், ஆனால் வலிக்குக் காரணம் அது என்று சொல்லப் படம் மட்டும் போதாது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் 84 சதவீதம். வலி இல்லாத பலரைப் படுக்கவைத்து எடுத்தாலும் ஏதாவது ஒன்று தெரியும். தெரிந்ததும் தேடலை நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. இந்த நோய் தொடங்கியதிலிருந்து பெயர் தெரிய உலக அளவில் சராசரியாக 6, 7 வருடம் ஆகிறது என்று ஆய்வுகள் சொல்வதில் எனக்கு இப்போது ஆச்சரியமே இல்லை.

படம் எடுக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் ஐந்து. வலி 40 வயதுக்குள் தொடங்கியதா? மெல்ல மெல்ல வந்ததா? நடமாடினால் குறைகிறதா? ஓய்வில் குறையாமல் இருக்கிறதா? இரவில் எழுப்பிவிட்டு, எழுந்து நடந்தால் தணிகிறதா? இவற்றில் நாலுக்கு ஆம் என்றால் அழற்சி வகை முதுகுவலி என்று சந்தேகிக்க வேண்டும். நிபுணர் குழு 2009இல் வகுத்த அளவுகோல் இது. எங்கள் பக்கம் இதில் ஒரு சிக்கல் உண்டு. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவன் நாலைந்து வரிசை மரம் முடிப்பதற்குள் இடுப்பு இளகிவிடும். மத்தியானம் சாதாரணமாக இருப்பான். "வேலை செஞ்சா வலி போகுதுன்னா அது என்ன வலி, சோம்பல்" என்று வீட்டிலேயே பேச்சு வரும். வேலை செய்தால் குறைவதுதான் இந்த வலியின் அடையாளம் என்று டாக்டர் சொன்னபோது தம்பி எங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.

இன்னொரு கேள்வியையும் முன்கூட்டியே வீட்டில் விசாரித்துக்கொண்டு போங்கள்: குடும்பத்தில் யாருக்காவது நடுவயதிலேயே கூன் விழுந்ததா, கண் சிவந்து பார்வை மங்கியதா, சொரியாசிஸ் உண்டா, நாள்பட்ட வயிற்றுப்போக்கு உண்டா? குதிகால் வலியையும் சொல்லுங்கள். இவற்றையெல்லாம் வேறு வேறு வியாதி என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுவோம்.

மறுபடி ஸ்கேன் எழுதும்போது சீட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். 'எம்.ஆர்.ஐ. எஸ்.ஐ. ஜாயின்ட்ஸ்' என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். 'அழற்சி வாதச் சந்தேகம்' என்று காரணமும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தைப் படிப்பவர் டிஸ்க்கைத்தான் தேடுவார். மூட்டின் சாய்வுக்கு இணையாக வெட்டிய 'செமி கொரோனல்' படங்கள் தேவை. 'டி1' என்ற வகைப் படத்தில் எலும்பு அரிப்பும் கொழுப்பு மாற்றமும் தெரியும். 'ஸ்டிர்' என்ற வகைப் படத்தில் எலும்பு மஜ்ஜை நீர்க்கோப்பு, அதாவது இப்போது நடந்துகொண்டிருக்கும் அழற்சி, வெள்ளையாகத் தெரியும். ஸ்டிர் இல்லாமல் எடுத்தால் ஆரம்பநிலை நோய் கண்ணில் படாமல் போய்விடும். 2024இல் வந்த பரிந்துரை இவற்றோடு அரிப்பைத் துல்லியமாகக் காட்டும் படம் ஒன்றையும், குறுக்குவாட்டு ஸ்டிர் ஒன்றையும் சேர்த்துக் குறைந்தது நாலு வரிசை வேண்டும் என்கிறது. கான்ட்ராஸ்ட் ஊசி வழக்கமாக வேண்டாம். ஸ்கேன் சென்டரில் கேட்டார்கள் என்றால் எழுதித் தந்த டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். தேவையில்லாத செலவு மிச்சம்.

சீட்டில் குறை இருந்தால் ஸ்கேன் சென்டர்காரர் தானாகத் திருத்த மாட்டார். "சேட்டா, சீட்டுல உள்ளதுதான் எடுக்க முடியும்" என்று சொல்லிவிட்டார் ஒருவர். அவர் சொன்னதில் தப்பில்லை. திருத்தம் டாக்டர் கையெழுத்தோடு வர வேண்டும். ஸ்பெஷாலிட்டி ஓ.பி. வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் நடக்கும் என்பதால், ஒரு வார்த்தை விட்டுப்போனால் அடுத்த ஓ.பி. வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் சீட்டை அறைக்கு வெளியே வருமுன் படியுங்கள்.

வலி பல வருடம் பழையது என்றால், எம்.ஆர்.ஐ.க்கு முன் இடுப்புக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே போதுமா என்று கேளுங்கள். மூட்டில் மாற்றம் தெளிவாகத் தெரிந்தால் பெரிய ஸ்கேனே வேண்டியிருக்காது. ஆரம்பகட்டத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம், அப்போதுதான் எம்.ஆர்.ஐ.

படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்கிக்கொண்டு போகாதீர்கள். ஃபிலிமும் போதாது. சி.டி. அல்லது பென்டிரைவில் முழுப் படங்களையும் கேட்டு வாங்கி, அங்கேயே ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், கேரளத்து ஓ.பி. சீட்டில் பெயருக்குப் பின்னால் என்று மாறிவிட்டால், "இது வேற ஆளோட ரிப்போர்ட்" என்று கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள். எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டில் பதியச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் அதிகம் அலைச்சல் இல்லை. எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுச் சோதனை வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் போதும், வெறும் வயிறு வேண்டாம், ரிப்போர்ட் வர நாளாகும். பாசிட்டிவ் என்றதும் அழ வேண்டாம்: இந்த மரபணு இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. நெகட்டிவ் என்றதும் நிம்மதியாகவும் போய்விட முடியாது. அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. சோதனைகள் இரண்டும் நார்மலாக இருந்தும் நோய் இருப்பவர்கள் கணிசம். ஸ்டிர் படத்திலும் இதே எச்சரிக்கை உண்டு. கடுமையாக ஓடி விளையாடுகிறவர்களுக்கும், சமீபத்தில் பிரசவம் ஆனவர்களுக்கும் லேசான நீர்க்கோப்பு தெரியலாம். படமும் ரத்தமும் வலியின் தன்மையும் சேர்ந்துதான் முடிவு.

மருந்து. முதல் கட்டம் வலிநிவாரணிதான், ஆனால் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மூன்று நாள் போட்டு நிறுத்துவது கணக்கில் வராது. டாக்டர் சொன்ன முழு அளவில், விடாமல், இரண்டு வெவ்வேறு மருந்தை ஒன்றன்பின் ஒன்றாக, மொத்தம் ஏறக்குறைய 4 வாரம் போட்டுப் பார்த்தபிறகே 'கேட்கவில்லை' என்று எழுதுவார்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, பிரஷர் இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். முதுகெலும்பு மட்டும் பாதிக்கப்பட்டவர்களுக்கு மெதோட்ரெக்ஸேட், சல்ஃபாசலசின் இரண்டும் பலன் தருவதில்லை. கைகால் மூட்டு வீங்கினால் சல்ஃபாசலசினுக்கு இடம் உண்டு. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரையும் இதற்கு வழி இல்லை. யாராவது அப்படித் தந்திருந்தால், தானாக நிறுத்தாமல் சீட்டோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஓ.பி.யில் ஆறு கேள்வி உள்ள ஒரு தாள் தருவார்கள், பாஸ்டாய் என்று பெயர். கேட்பது கடந்த ஒரு வாரத்தைப் பற்றி. அன்று காலை பஸ்ஸில் வந்த அலுப்பையும் எழுதக் கூடாது, மாத்திரை போட்டு நன்றாக இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தையும் எழுதக் கூடாது. முதல் நாலு விடைகளின் கூட்டுத்தொகையோடு கடைசி இரண்டின் சராசரியைக் கூட்டி 5ஆல் வகுப்பார்கள். 4 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் பெரும்பாலும் அடுத்த கட்ட ஊசி பற்றிய பேச்சே.

அந்த ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை. இங்கேதான் இரண்டாவது அலைச்சல். அந்த ஊசி வகையான டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள் (அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருளைத் தடுப்பவை) உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும் என்பதால் இதில் சமரசம் இல்லை. மான்டூ ஊசியைக் கையில் போட்டால் 48 மணிக்கும் 72 மணிக்கும் நடுவில் அளக்க வேண்டும். எங்களுக்கு வியாழக்கிழமை போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை ஹர்த்தால். களியக்காவிளையோடு நம் பஸ் நின்றுவிட்டது. மறுநாள் ஞாயிறு, ஓ.பி. இல்லை. திங்களன்று கையைக் காட்டினால், "டைம் கழிஞ்ஞு" (நேரம் கடந்துவிட்டது) என்று திரும்ப முதலிலிருந்து.

திங்கள் அல்லது செவ்வாய் போடச் சொல்லுங்கள். போட்ட தேதி, மணி, எந்தக் கை என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அளக்கும் இடம் அதே ஆஸ்பத்திரியாகத்தான் இருக்க வேண்டுமா, நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அளந்து எழுதி வாங்கி வந்தால் ஏற்பார்களா என்று டாக்டரிடமே கேளுங்கள், கவுண்டரில் கேட்காதீர்கள். கவுண்டரில் 'இங்கேதான்' என்றார்கள். டாக்டர் 'எங்கே அளந்தாலும் மில்லிமீட்டரில் எழுதினால் போதும்' என்றார். சிவப்பை அளக்கக் கூடாது. தடிப்பை, முன்கைக்குக் குறுக்காக அளக்க வேண்டும். இந்த ஊசிக்குப் போகிறவர்களுக்கு 5 மில்லிமீட்டரே பாசிட்டிவ்.

காசநோயைப் பார்க்க இன்னொரு வழி இக்ரா ரத்தப் பரிசோதனை. ஒருமுறை ரத்தம் கொடுத்தால் போதும், திரும்பப் போக வேண்டாம், சிறுவயதில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியால் தவறான பாசிட்டிவும் வராது. விலை கூடுதல். குவான்டிஃபெரான் வகையில் ரத்தம் எடுத்த 16 மணி நேரத்துக்குள் குழாய்களை இன்குபேட்டரில் வைத்தாக வேண்டும். ஊர்ப்பக்கத்துக் கலெக்‌ஷன் சென்டரில் சாயங்காலம் கொடுத்துவிட்டு வராமல், பரிசோதனை நடக்கும் லேபிலேயே காலையில் கொடுப்பது நல்லது. பாசிட்டிவ் வந்தால் எல்லாம் போயிற்று என்று அர்த்தமில்லை. நெஞ்சு எக்ஸ்ரே பார்த்து, நோய் செயலில் இல்லை என்று உறுதி செய்து, தடுப்பு மாத்திரை தொடங்கி வழக்கமாக ஒரு மாதமாவது கழித்து ஊசிக்குப் போவார்கள். ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனையையும் அதே நாளில் முடித்துவிடுங்கள்.

காசு விஷயம்: கேரளத்தின் காருண்யா காப்பீடு அந்த மாநிலத்துக் குடும்பங்களுக்கு. நம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கவுண்டரில் திருப்பித் தந்துவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்று திட்டத்தின் இலவச போனில் கேட்காமல் எல்லை தாண்டாதீர்கள். டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளில் ஒன்றான அடலிமுமாப்பின் பயோசிமிலரை, அதாவது மூல மருந்தை ஒத்த வேறு நிறுவனத் தயாரிப்பை, 2014இல் ஸைடஸ் நிறுவனம் இந்தியாவில் கொண்டுவந்தது. பயோசிமிலர் எது கிடைக்கும், என்ன விலை என்று மருந்து எழுதும்போதே கேட்கலாம். எதிர்பார்ப்பையும் அளவோடு வைக்க வேண்டும். 2006இல் வெளியான சோதனையில் 12 வாரத்தில் அடலிமுமாப் போட்டவர்களில் 58 சதவீதம் பேர் நிர்ணயித்த முன்னேற்றத்தை எட்டினார்கள், மருந்தில்லா ஊசி போட்டவர்களில் 21 சதவீதம். எல்லோருக்கும் கேட்காது, கேட்காதவர்களுக்கு செகுகினுமாப் போன்ற வேறு வகை இருக்கிறது.

ஊசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பஸ்ஸில் கொண்டுவரும்போது ஐஸ் பேக்குக்கும் பெட்டிக்கும் நடுவே துண்டு சுற்றுங்கள். நேராக ஒட்டினால் உறைந்துவிடும், உறைந்த ஊசி குப்பைக்குத்தான். வீட்டு ஃப்ரிட்ஜில் கதவிலும் ஃப்ரீசரை ஒட்டியும் வைக்க வேண்டாம். போடுமுன் கால் மணி, அரை மணி வெளியே வைத்தால் எரிச்சல் குறையும்.

மூன்று எச்சரிக்கைகள் மிச்சம் இருக்கின்றன. எண்ணெய் தேய்ப்பு, கிழி ஒத்தடம் இவை இதமாக இருக்கலாம். ஆனால் முதுகை முறுக்கிச் சொடுக்கெடுக்க யாரையும் அனுமதிக்கக் கூடாது. எலும்புகள் ஒட்டிப்போன முதுகு சின்ன அழுத்தத்திலேயே முறிந்து தண்டுவடத்தைப் பாதிக்கலாம். அடுத்தது கண். ஒரு கண் மட்டும் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் மெட்ராஸ் ஐ என்று கடையில் சொட்டுமருந்து வாங்காமல், அன்றைக்கே கண் டாக்டரிடம் போய் இந்த நோய் இருப்பதையும் சொல்லுங்கள். மூன்றாவது, ஊசி நாளில் காய்ச்சல் இருந்தால் போடாமல் ஓ.பி.க்கு போன் செய்யுங்கள். எங்களிடம் அந்த எண் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.