வளவில் பார்த்த பூ

ஓரியூர்க் கோவில் வாசலில் சந்திப்பது என்று பேசி வைத்திருந்தோம். இருபத்தாறு வருடம் கழித்து. நான் போய் இறங்கும்போது இருவரும் எனக்கு முன்னால் வந்து அந்தச் செம்மணலில் நின்றிருந்தார்கள். 1693-இல் அருளானந்தர் என்கிற போர்த்துகீசியப் பாதிரியார் உயிர்விட்ட இடம் அது. அவர் ரத்தம் பட்டுச் சிவந்த மண் என்று பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறவர்களை அன்றும் பார்த்தோம். மிஷன் நடத்திய இரவுப் பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த நாங்கள் மூவரும் முதன்முதலில் பார்த்துக்கொண்டதும் அங்கேதான்.

அந்த இரண்டு வருடமும் ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். அவள் கானாடுகாத்தான், அவன் ஆத்தங்குடி, நான் மதுரை. "என்ன மதுரை, இப்படி நரைச்சுப் போச்சு?" என்று அவள் கையைப் பிடித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

தேவகோட்டை, காரைக்குடி தாண்டிக் கானாடுகாத்தான் போனோம். வழியெல்லாம் பழைய பேச்சு. அரிக்கேன் விளக்கில் படித்து, முதல்முறையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுத அந்தப் பாட்டியை மூன்று பேருமே மறக்கவில்லை.

அவளுடைய ஐயா, அதாவது தாத்தா, பர்மாவுக்குக் கொண்டுவிக்க, வியாபாரம் செய்யப் போனவர். அந்தக் காசில் எழுந்த வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பைத் தாண்டினால் வளவு. நான்கு பக்கமும் தாழ்வாரம், நடுவில் வானம் பார்த்த முற்றம். முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வோர் அறை. கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. இன்று பாதி அறைகளில் பூட்டுத் தொங்குகிறது. சாவிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கின்றன. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பங்காளிகள் கூடுகிறார்களாம். வீட்டைக் கழற்றி விற்றுவிடாமல் ஒட்டு போட்டுக் காப்பாற்றி வரும் இவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் பழைய சாமான் கடைக்குப் போன வீடுகள் இந்தப் பக்கம் நிறைய.

சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டையின் வெள்ளைக் கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்த பூச்சு. வெளியே கொளுத்துகிற வெயிலில் அந்தச் சுவர் மண்பானை மாதிரி குளிர்ந்திருந்தது. வளவுத் தரையில் சிவப்பும் பச்சையுமாக எட்டு இதழ்ப் பூ. ஆத்தங்குடிக்காரன் குனிந்து ஒரு கல்லை விரலால் தடவிவிட்டு, "வீட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றான்.

சரி என்று அங்கே கிளம்பினோம். முதலில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிற அவன் சித்தப்பாவின் பட்டறை. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அப்புறம் ஈரக் கலவையை அப்பி வழிக்கிறார்கள். தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பின் கண்ணாடி தானாக விட்டுவிடுகிறது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. மேலே நடக்க நடக்க இன்னும் மெருகேறும் என்றார் சித்தப்பா.

அவன் வீடு ஓட்டு வீடு. இரண்டு அறை, ஒரு திண்ணை. உள்ளே காலெடுத்து வைத்ததும் கானாடுகாத்தான் அப்படியே நின்றுவிட்டாள். தரையில் ஒரு கல் போல இன்னொரு கல் இல்லை. கொடி, நட்சத்திரம், கட்டம், மூலை உடைந்தது, சாயம் பிசகியது. அடுப்படி வாசலில் ஒரே ஒரு எட்டு இதழ்ப் பூ.

"அம்மா, இது எங்க வளவுல இருக்கிற பூ!"

அவன் அம்மா வெள்ளைப் பணியாரத் தட்டைக் கீழே வைத்தார்கள். "ஆமா ஆத்தா. உங்க ஐயா வீட்டுக்கு எங்க மாமனார்தான் கல்லு போட்டாரு. மிஞ்சினதுல ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வந்தாரு. உக்காரு, ஆறிப்போகுது."

அவள் அந்தப் பூவின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.