அப்பாவின் எடை

பிரசவ அறையிலிருந்து போன் வந்தால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். நஞ்சுக்கொடி விழுந்த அரை மணி நேரத்துக்குள் மாதிரி எடுத்தாக வேண்டும் என்பது எங்கள் ஆய்வில் விதி. கிண்ணத்தைத் தொட்டால் இன்னும் சூடாக இருக்கும். சுமார் அரைக் கிலோ. குழந்தையைப் பார்த்திருந்த பக்கம் வழவழவென்று, ஆலமர வேர்போல ரத்தக்குழாய்கள் ஓடும். தாயோடு ஒட்டியிருந்த பக்கம் கருஞ்சிவப்பாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். நான்கு இடங்களில் சின்னத் துண்டுகள் வெட்டி, உப்புக் கரைசலில் நிறம் தெளியும்வரை அலசி, திரவ நைட்ரஜனில் போடுவேன்.

அலசுவதில்தான் எல்லாம் இருக்கிறது. நஞ்சுக்கொடி தாயின் உறுப்பு என்றுதான் வேலைக்குச் சேரும்வரை நானும் நினைத்திருந்தேன். அது கருவிலிருந்து வளர்வது. அதன் டிஎன்ஏ குழந்தையுடையது. தாயின் ரத்தம் ஒட்டியிருந்தால் இருவருடையதும் கலந்துவிடும். முதல் மாதம் நான் அவசரத்தில் அலசிய சில மாதிரிகள் அப்படித்தான் கெட்டன. ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று, தாய்க்கு இரண்டு; ஆண் குழந்தையின் மாதிரியில் அது இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. அவற்றை ஒதுக்க வேண்டியதாயிற்று. வலிக்கு நடுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அந்தப் பெண்களை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நாங்கள் தேடுவது மெத்தில் குறிகளை. மரபணுவின் எழுத்து மாறாது. எதைப் படிக்க வேண்டும், எதை மூடி வைக்க வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் குறிகள் இவை. தாயின் எடைக்கும் இந்தக் குறிகளுக்கும், பிறகு குழந்தை வளரும் விதத்துக்கும் தொடர்பு உண்டா என்பதே கேள்வி. 2022-இல் பத்து ஆய்வுகளின் 2,631 தாய்-சேய் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தபோது, கர்ப்பத்துக்கு முந்தைய உடல் பருமன் குறியீட்டோடு தொடர்புள்ள 27 குறியிடங்கள் நஞ்சுக்கொடியின் டிஎன்ஏவில் கிடைத்தன. லட்சக்கணக்கான இடங்களில் 27. ஒவ்வொன்றிலும் வித்தியாசம் மிகச் சிறியது.

இந்தச் சிறுமை வார்டுக்குள் போகும்போது காணாமல் போகிறது. ஒருநாள் 3.8 கிலோ குழந்தை. மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். “இவ ஒடம்பு இப்படி இருக்கே, புள்ளையும் குண்டாத்தானே வளரும்? உங்க மிஷின்ல தெரிஞ்சிடுமாமே?” பிள்ளை பெற்றவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “ஒரு புள்ளைக்கு இப்படித்தான்னு எந்த மிஷினும் சொல்லாதும்மா” என்றேன். அவர் நம்பவில்லை.

தாய் ஒல்லியாக இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? புனே அருகே கிராமங்களில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் குழு 1993-இல் தொடங்கிய ஆய்வைப் பாருங்கள். மெலிந்த தாய்மார்கள்; குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் அது 3.5 கிலோ. ஆனால் புனே குழந்தைகளிடம் தசைதான் குறைந்திருந்தது; முதுகுத் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தராசு காட்டும் ஒற்றை எண்ணை நம்பி யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராததற்கு இதுவும் காரணம்.

எங்கள் படிவத்தில் தாயின் எடைக்கு மூன்று கட்டங்கள் இருந்தன. கர்ப்பத்துக்கு முந்தைய எடை பலருக்குத் தெரியாது; தாய் சேய் அட்டையில் முதல் தடவை பதிந்ததைத்தான் எழுதுவோம். தந்தைக்கு ஒரு கட்டம்கூட இல்லை. பிறந்த குழந்தைகளின் ரத்தத்தை வைத்துச் செய்து 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், தாயின் எடையோடு தொடர்புள்ள 86 இடங்கள் தெரிந்தன. கருப்பைக்குள் எட்டாத தந்தையின் எடையோடும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கருப்பைச் சூழலே காரணம் என்பதற்குச் சான்று 8 இடங்களில்தான் நின்றது. மற்றவற்றுக்கு இருவருடைய மரபணுவோ, ஒரே அடுப்பில் வெந்த சோறோ காரணமாக இருக்கலாம். இதைக் காட்டி மூன்று கூட்டங்களில் கேட்ட பிறகு கட்டம் வந்தது.

நேற்று வராந்தாவில் நின்ற ஒருவரைக் கூப்பிட்டேன். “எனக்கு எதுக்கு மேடம்?” என்றபடியே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். 84.2. அவர் மனைவியின் எடைக்கு நேரே, அதே வரியில் எழுதினேன்.