சோறும் சொதியும் கேட்ட ஆய்வு

உணவும் வாழ்க்கை முறையும் சலரோகம், இதய நோய் போன்றவற்றுக்கு எப்படிக் காரணமாகின்றன என்று வருடக்கணக்கில் பின்தொடரும் ஆய்வொன்றில் சேர்ந்திருக்கிறேன். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கே வந்து கேட்டார்கள். அப்பாவும் பெரியப்பாவும் சலரோகத்தால் பட்ட பாடு தெரியும், உடனே சம்மதித்தேன்.

காரணம் சொல்லாமலே எப்போதும் விலகலாம் என்று படிவத்தில் தமிழில் தெளிவாக இருந்தது. இரத்தம், பிறஷர், இடுப்பளவு எல்லாம் ஒரு காலையில் முடிந்தன. வெறுவயிற்றோடு போகவேண்டும், அவ்வளவுதான்.

கஷ்டம் உணவுக் கேள்விகளில்தான். இடியப்பத்தை எண்ணிச் சொல்லலாம், சொதியை எப்படிச் சொல்வது? சோறு, பருப்பு, மீன்குழம்பு, சம்பல் எல்லாவற்றையும் குழைத்துச் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். கேள்வி கேட்ட பிள்ளை, சிறிதும் பெரிதுமாகச் சோற்றுக் குவியல்கள் உள்ள படப்புத்தகத்தை விரித்து, “உங்கட கோப்பையில இதில எவ்வளவு அண்ணா?” என்றார். தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி, பின்னேரம் கடையில் றோல்ஸா பற்றிஸா, ஒன்றையும் விடவில்லை. தேங்காயெண்ணெய் மாதம் எத்தனை போத்தல் என்பதற்கு மனைவிதான் பதில் சொன்னார். சமைப்பவர் பக்கத்தில் இருப்பது அவசியம்.

இந்த நுணுக்கம் வீண்வேலை இல்லை. நோய் வந்தபின் கேட்டால் நினைவே மாறிவிடும். அதனால்தான் சுகமாக இருக்கும்போதே கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1976இல் 121,700 தாதியரோடு ஓர் ஆய்வு தொடங்கியது. பிறகு அவர்கள் என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்றும் எழுதிக் கொடுத்தார்கள், கால்நகம்கூட வெட்டி அனுப்பியவர்கள் உண்டு. பாணில் பூசிய மாஜரினையும் அவர்கள் விடாமல் குறித்ததால்தான், அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு என்ற கொழுப்பு வகை கூடினால் இதய நோய் ஆபத்தும் கூடுகிறது என்று 1993இல் எடுத்துக்காட்ட முடிந்தது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948இல் 5,209 பேரோடு தொடங்கிய இதய நோய் ஆய்வில் அவர்களின் பேரப்பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் சோற்றுக்கும் சம்பலுக்கும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா? நாங்கள்தான் பதில் கொடுக்கவேண்டும்.

கடைசியாக, இடம் மாறினால் தேடிப்பிடிக்க உறவினர் இருவரின் நம்பர் கேட்டார்கள். எங்கள் சனத்துக்கு வீடு மாறுவதும் நாடு மாறுவதும் வழக்கம். இடையில் தொடர்பு விட்டுப்போனவர்களில் நோயாளிகளே அதிகம் என்றால் ஆய்வின் முடிவே பிழையாகிவிடும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவின் நம்பரையும் கனடாவிலுள்ள மச்சானின் நம்பரையும் கொடுத்தேன். அப்புறம் இருவருக்கும் கோல் எடுத்து, தெரியாத நம்பராக இருந்தாலும் எடுத்துப் பேசுங்கோ என்று சொல்லிவைத்தேன்.