அந்தப் படத்தில் அவர் முகம் இல்லை

லாரி எடை மேடைகளைச் சரிபார்ப்பது என் வேலை. வே பிரிட்ஜ் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஓர் ஊரில் லாட்ஜில்தான் தூக்கம். அதிலும் தூத்துக்குடிக்கு வருடத்தில் நாலைந்து முறை போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உப்பு ஏற்றும் லாரிகள் ஏறி இறங்கும் மேடைகளில் லோடு செல் (எடையை உணரும் கருவி) கேபிளும் போல்ட்டும் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் அரித்துப் போகும். எழும்பூரில் சாயங்காலம் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் அங்கே. கம்பெனியில் ஒன்பது மணிக்குத்தான் ஆள் வருவார்கள். அதுவரை கிடைக்கிற நேரத்தில்தான் நான் கேமரா பழகுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், இரண்டு நாள் வேலையாகப் போயிருந்தபோது, இரண்டாம் நாள் விடிகாலையில் ஆட்டோ பிடித்து முத்தையாபுரம் பக்கம் உப்பளத்துக்குப் போனேன். சூரியன் கடல் பக்கமிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. பாத்தியில் தேங்கிய தண்ணீரில் வானம் முழுசாக விழுந்து கிடக்க, வரப்பில் ஒரு பெண் தலையில் உப்புச் சட்டியோடு நடந்து போனார். சூரியனுக்கு எதிரே வைத்து எடுத்தேன். கருப்பு உருவம், பின்னால் ஆரஞ்சு, கீழே அதன் நிழல். எனக்கு அதுவரை கிடைத்த படங்களிலேயே அழகான படம் அது. பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஒரு வருடம் என் போனின் முகப்பில் அதுதான் இருந்தது.

அடுத்த முறை போகும்போது அதை நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போய் விசாரித்து அவரிடமே கொடுத்தேன். ஐம்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. கையைத் துடைத்துவிட்டு வாங்கியவர், வெயிலுக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல நான் எங்க தம்பி இருக்கேன்? மூஞ்சியே காணுமே."

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தேடினார். பக்கத்தில் இருந்த இன்னோர் அக்காவும் வாங்கிப் பார்த்து, நடையை வைத்து நீதான் என்று சொன்னார். அப்புறம் அந்தப் படத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கதை சொல்லும் படம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அன்றைக்குக் கலைந்துவிட்டது. அந்தப் படத்தில் ஒரு காலை நேரம் இருந்தது, அவ்வளவுதான். அவர் யார், எத்தனை மணிக்கு வந்தார், காலில் என்ன போட்டிருந்தார், எதுவுமே இல்லை. (மூன்றரை நாலு மணிக்கே வந்துவிடுவார்களாம், வெயில் ஏறினால் உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் கண் திறக்க முடியாது என்பதால். நான் சூரியன் எழுகிறது என்று படம் எடுத்த நேரத்தில் அவர்களுக்குப் பாதி வேலை முடிந்திருந்தது.)

அதற்கு அப்புறம்தான் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங் ஓர் ஏழைத் தாயைக் குழந்தைகளோடு எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். அதுவும் வேலைப் பயணத்தில் எடுத்த படம்தான். 1936 மார்ச்சில், ஒரு மாத அரசு வேலையை முடித்துக்கொண்டு கலிபோர்னியாவில் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவர், நிப்போமோ என்ற ஊரில் பட்டாணி பறிக்கிறவர்களின் கூடாரத்தைக் காட்டும் பலகையைக் கடந்து இருபது மைல் போன பிறகு மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பினார். பத்து நிமிடம்தான் அங்கே இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்தத் தாயின் பெயரையும் கதையையும் கேட்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது 1978-இல், 42 வருடம் கழித்து. படம் எடுத்திருக்கவே வேண்டாம் என்றும், ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னவர் அனுப்பவே இல்லை என்றும் அந்த அம்மா அப்போது சொன்னார். லாங்கை நான் குறை சொல்லவில்லை, அன்றைக்கு அவர் எடுத்த படங்களால்தான் அந்த முகாமுக்கு உணவு போனது. ஆனாலும் திரும்பிப் போக வாய்ப்பே இல்லாத ஊரில் எடுத்த படம் அது. எனக்கோ மேடை பழுதானால் போயே ஆக வேண்டும். பயணச் செலவு கம்பெனியுடையது. இது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது ஒரு பயணத்துக்கு ஒரு படம் என்றுதான் கணக்கு. ஐந்து படம் சேர்ந்தால் அவருடைய ஒரு வருடம் தெரிய வேண்டும் என்பது ஆசை. முதலில் அவர் முகம், சூரியன் என் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று எடுத்தது. இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும், உப்பு சாம்பல் நிறத்தில் வரும், முகம் கரியாகிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு), சில நேரம் ஒன்றரை ஸ்டாப்கூட ஏற்றி வைத்தால்தான் உப்பு உப்பாக வரும். லென்ஸ் ஒன்றே ஒன்று, முப்பத்தைந்து எம்.எம். கிட்டே போகாமல் அதில் எதுவும் கிடைக்காது. கிட்டே போவதென்றால் பேசித்தான் ஆக வேண்டும், அதனாலேயே அது எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது, உப்பு வாரும் பலகையைப் பிடித்த கை. மூன்றாவது, சைக்கிள் ஹேண்டிலில் தொங்கும் தூக்குவாளி. மூடிக்கும் வாளிக்கும் நடுவே ஒரு துணி, துணியின் ஓரத்தில் காய்ந்த உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும். எட்டரைக்கு அதைத் திறந்து பழையசோறு சாப்பிட உட்காரும்போது முதலில் அந்தத் துணியைத்தான் உதறுவார், உள்ளே ஒரு பொடிகூட விழக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உதறுவார். அந்த உதறலுக்காக இரண்டு பயணம் காத்திருந்தேன். முதல் தடவை தவறிவிட்டது.

நான்காவது, கால். சீசன் தொடங்குமுன் பாத்தியில் சேற்றை வழித்துவிட்டு, தரை இறுகுவதற்குக் காலாலேயே மிதிப்பார்கள். குதிகால் வெடிப்பில் சேறு ஏறியிருந்தது. அந்தப் படத்தை எடுக்கலாமா என்று கேட்டபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கால மட்டும் போடாதீக, மூஞ்சியும் பக்கத்துல இருக்கட்டும்" என்றார். அதனால் அந்த இரண்டும் சேர்ந்துதான் வெளியே போகும், தனித்தனியாக எங்கும் போடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ராத்திரி லாட்ஜுக்கு வந்ததும் ஈரத்துணியால் கேமராவைத் துடைத்துவிட்டு, அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுதிவிடுவேன். காலையில் எழுதலாம் என்று விட்டால் பாதி வார்த்தை நம்முடையதாகிவிடும். கம்பெனி வளாகத்துக்குள் கேமரா பையை விட்டு வெளியே வராது, அது வேறு.

ஐந்தாவது படம் இன்னும் இல்லை. போன தடவை முகம் தெரிகிற பிரிண்டைக் கொடுத்தபோது வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர், கிளம்பும்போது கேட்டார்: "வெயிலுக்கே வாறிய. மழைக்கு வந்து பாருங்க தம்பி, அப்ப என்ன செய்றோம்னு." ஐப்பசி, கார்த்திகையில் பாத்தியெல்லாம் மழைத் தண்ணீர், உப்பு வேலை கிடையாது. அந்த மாதங்களில் நான் ஒருமுறைகூட அந்தப் பக்கம் போனதில்லை. அங்கே ஒரு மேடைக்கு, எடை சரி என்று வைக்கும் அரசு முத்திரையைப் புதுப்பிக்கும் நாள் இந்த முறை நவம்பரில் வருகிறது. நானே போகிறேன் என்று சொல்லி, டிக்கெட் போட்டுவிட்டேன்.