பெலிண்டாவின் மனுவை எப்படிப் படிப்பது

அமெரிக்காவின் ஆரம்பகால இலக்கியத்தில் மனித உரிமை என்றதும் பாடத்திட்டம் போடுகிறவர்கள் 1776 சுதந்திரப் பிரகடனத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். எடுக்கட்டும். ஆனால் அதன் சொற்களை அடிமைகள் எப்படிக் கையாண்டார்கள் என்று தெரிய மனுக்களைப் படிக்க வேண்டும். 1777 ஜனவரியில், பிரகடனம் வந்த ஆறே மாதத்தில், பாஸ்டனின் கறுப்பினத் தலைவர் பிரின்ஸ் ஹாலும் மற்றவர்களும் பறிக்கமுடியாத இயற்கை உரிமை தங்களுக்கும் உண்டு என்று மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு எழுதிவிட்டார்கள்.

பழகிப் பார்க்க நல்ல மனு, அடிமையாக வாழ்ந்த பெலிண்டா என்ற பெண்ணுடையது. 1783 பிப்ரவரியில் அதே மன்றத்துக்குக் கொடுத்தது. அவரை அடிமையாக வைத்திருந்த மெட்ஃபோர்டு செல்வந்தர் ஐசக் ராயல் பிரிட்டிஷ் ஆதரவாளர்; 1775-இல் சுதந்திரப் போர் மூண்டதும் ஓடிவிட்டார். அவர் சொத்து மாசசூசெட்ஸ் அரசின் கையில் இருந்தது.

முதலில் கடைசி வரியைப் பாருங்கள். கையெழுத்து இல்லை, கீறல்தான். அப்படியென்றால் பேனா பிடித்தது வேறொருவர். இங்கேதான் மாணவர்கள் சறுக்குவார்கள்: 'இது அவர் குரலே இல்லை' என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள். யார் எழுதியது என்ற தேடலிலேயே ஒரு செமஸ்டர் போய்விடும். அலங்கார நடை எழுதியவருடையதாக இருக்கலாம். ஐம்பது வருட உழைப்பு பெலிண்டாவுடையது.

அடுத்து, என்ன கேட்கிறார் என்பதை மட்டும் பென்சிலால் கோடிடுங்கள். ஆப்பிரிக்காவில் கழிந்த பிள்ளைப்பருவம், கடத்தல், கப்பல் எல்லாம் உருக்கமாக வரும். அதில் கரைந்துவிட்டால் வாதம் தப்பிவிடும். ராயலின் பெருஞ்செல்வத்தில் ஒரு பகுதி தன் உழைப்பால் சேர்ந்தது, அதில் ஒரு கவளம்கூடத் தனக்கு இல்லை என்கிறார். தனக்கும் நோயாளி மகளுக்கும் ராயலின் சொத்திலிருந்தே ஜீவனத்துக்குப் பணம் வேண்டும் என்கிறார். பணிவான விண்ணப்பத்துக்குள் உட்கார்ந்திருப்பது கூலிக் கணக்கு.

மூன்றாவது, பதில். மன்றம் ஆண்டுக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங் ஒதுக்கியது. 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. வகுத்தால் வாரம் 6 ஷில்லிங். தொகுப்பு நூல்கள் பலவும் 1783 மனுவோடு நிறுத்திக்கொள்வதால் அவர் ஜெயித்துவிட்டார் என்ற எண்ணம் வரும். பணம் ஒழுங்காக வரவில்லை. 1793 வரை திரும்பத் திரும்ப மனுப் போட்டார். அந்தப் பிந்தைய மனுக்களில் அலங்காரம் குறைவு, பாக்கிதான் பேச்சு. வகுப்பில் அவற்றையும் சேர்த்தே வையுங்கள். ராயல் விட்டுச்சென்ற சொத்திலிருந்துதான் 1815-இல் ஹார்வர்டின் முதல் சட்டப் பேராசிரியர் பதவி உருவானது என்ற தகவலையும் அதே வாரத்தில் சொல்லிவிடலாம்.