குருவி எங்கடி?

அம்மாவுக்கும் நாய்க்கும் ஆகவே ஆகாது. கோடி வீட்டு நாய் டாமி விவகாரத்துக்கு அப்புறம், இது ஜாதகக் கோளாறு என்றே முடிவு கட்டிவிட்டவர். அவரைத்தான் "கானரிக் குருவி இருக்கிற ஊரும்மா, மஞ்சளா இருக்கும், பாடும்" என்று ஆசை காட்டி, ஸ்பெயினின் கானரித் தீவுகளில் ஒன்றான கிரான் கனாரியாவுக்கு அழைத்து வந்தேன்.

நேற்று தீவின் தலைநகர் லாஸ் பல்மாஸின் பழைய ஊரில், சாந்தா அனா சதுக்கத்தில் டாக்சியை விட்டு இறங்கினோம். தேவாலயத்துக்கு எதிரே எட்டு நாய்கள். உலோகச் சிலைகள்தான். அம்மா அதையெல்லாம் பார்க்கவில்லை. மறுபடி டாக்சிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"குருவி எங்கடி?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். குருவியால் தீவுக்குப் பேர் வரவில்லை, தீவால்தான் குருவிக்குப் பேர், தீவுக்கோ நாயால் பேர், லத்தீனில் நாய்க்குக் 'கானிஸ்' என்று ஆரம்பித்தேன். 2000 வருஷத்துக்கு முந்தி வட ஆப்பிரிக்காவில் இருந்த மௌரித்தானிய ராஜா யூபா இந்தத் தீவுகளைப் பற்றி விசாரித்து எழுதியதை ரோமானிய எழுத்தாளர் பிளினி எடுத்துச் சொல்கிறார். பெரிய பெரிய நாய்களாம். யூபாவுக்கும் இரண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம்.

"வீட்ல ராணி ஒண்ணும் சொல்லலையா?"

ராணி கிளியோபாட்ராவோட பொண்ணும்மா என்றேன்.

"அதான். பாம்பையே பார்த்த குடும்பம்."

எப்படியோ இறக்கி, காபிக் கடையில் உட்காரவைத்து, பேச்சை மாற்ற செர்டோரியுஸ் கதையை எடுத்தேன். ரோமானியத் தளபதி. எதிரிகள் துரத்தித் துரத்தி ஓய்ந்துபோய் ஸ்பெயின் கரையில் ஒதுங்கியபோது, மாலுமிகள் சொன்னார்களாம்: கடலுக்குள் இரண்டு தீவு, மெத்தென்ற காற்று, பாடுபடாமலே பழம். சண்டை போதும், அங்கே போய் நிம்மதியாக இருந்துவிடலாம் என்று அவருக்கு ஆசை வந்ததாம். கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதியிருக்கிறார். அது இந்தத் தீவுகளா, வடக்கே மதெய்ராவா என்று படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அம்மாவிடம் இதேதான் என்று அடித்துச் சொன்னேன்.

"போனானா?"

"இல்லம்மா. கூட இருந்த கடற்கொள்ளைக்காரங்களுக்கு நிம்மதி வேணாமாம், கொள்ளைதான் வேணுமாம். இவரும் திரும்பச் சண்டைக்கே போனார். கடைசியில விருந்துல வச்சு சொந்த ஆளுங்களே குத்திட்டாங்க."

அம்மா சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"ரிடையர் ஆனதும் கொடைக்கானல்ல சின்னதா ஒரு வீடு பார்க்கலாம்னாரு உங்கப்பா. நான்தான் குளிரும்னுட்டேன்."

காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நேரே போய், ஓரத்து நாயின் மூக்கை ஒற்றை விரலால் தொட்டார்.

"சுடுதுடி" என்றார்.